கல்லுப்பும் செப்புச் சதமும்

எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு பெண் இருக்கிறாள். தலைமுடியை விரித்துவிட்டு, தோளில் ஒரு தடியைச் சாய்த்து, அதன் நுனியில் தொப்பியை மாட்டிக்கொண்டு, வலது பக்கம் பார்த்தபடி இருக்கிறாள். அமெரிக்காக்காரி, வயது இருநூறுக்கு மேல். அவளைப் பார்க்கிற பார்வையில் கால்வாசியாவது என்னைப் பார்த்ததுண்டா என்று என் கணவரிடம் பல தடவை கேட்டிருக்கிறேன்.

"உன்னப் பாக்க பூதக்கண்ணாடி தேவல்லயே புள்ள" என்பார். பேச்சில் அவரை வெல்ல ஏலாது.

அவள் ஒரு செப்புக்காசில் இருக்கிற பெண். அமெரிக்கா தனி நாடான புதிதில் அடித்த ஒரு சதம். சதம் என்றதும் நாங்கள் சின்ன வயதில் கண்ட, ஊதினால் பறக்கிற அலுமினியச் சதத்தை நினைக்கக் கூடாது. இது நம்முடைய இரண்டு ரூபாக் குற்றிக்காசின் அகலம், அதைவிடத் தடிப்பு, உள்ளங்கையில் வைத்தால் பாரம் தெரியும். பின்பக்கம் இலை வளையம், நடுவில் ஒரு சதம் என்று எழுத்து, அடியில் நூறில் ஒன்று என்று பின்னமாகவும் போட்டிருக்கும். விளிம்பைச் சுற்றிக்கூட எழுத்து உண்டு. இவ்வளவு பெரிய காசுக்கு இவ்வளவு சின்னப் பெறுமதியா என்று முதல் நாளே கேட்டு, அவரிடம் ஒரு நீண்ட விளக்கத்தை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அவர் புத்தளத்தில் ஓர் உப்பளத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரான கற்பிட்டியில், கோட்டைப் பக்கத்துக் கரையில், பெருமழை மணலைக் கழுவிவிட்ட பிறகு போய்ப் பொறுக்கிய ஒல்லாந்தர் காசுகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய அவரிடம் இருந்தன. காற்றுக் காலத்தில் களப்பில் பட்டம் கட்டிக்கொண்டு தண்ணீரில் ஓட வெளிநாட்டார் வருவார்கள். எங்கள் பின்னறையை அவர்களுக்கு வாடகைக்கு விடுவோம். அப்படி வந்தவர்தான் அந்த அமெரிக்காக்காரர். என் கணவரின் வயது இருக்கும். முழங்கால் நோகிறது என்று புலம்பிக்கொண்டே நாள் முழுக்கப் பட்டத்தில் தொங்குவார். ஒரு நாள் தேத்தண்ணி குடிக்கையில் அந்தப் பிஸ்கட் டின்னைக் கண்டார். அவ்வளவுதான், பட்டம் இரண்டாம் பட்சமாகிவிட்டது. அவரும் காசுப் பைத்தியம், அதிலும் தன் நாட்டுப் பழைய செப்புச் சதங்களில் மட்டும் பைத்தியம். அடுத்த வருசம் வரும்போது முகம் தேய்ந்த ஒரு சதம் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு ஒவ்வொரு வருசமும் ஒன்று. கடைசியாக வந்தவள்தான் இந்தத் தலைவிரிச்சவள். தன் சொந்தச் சேகரிப்புத் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பனங்கட்டி நிறம், ஒரே சீரான நிறம்.

பின்னேரம் என் கணவர் அஸர் தொழுதுவிட்டு வந்ததும் இரண்டு பேரும் பின் விறாந்தையில் தரம் பார்க்க உட்காருவார்கள். ஒன்றிலிருந்து எழுபது வரைக்கும் எண். ஏன் நூறில்லை, எழுபது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. முதலில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்து ஓர் எண். பிறகு கீறல், நெளிவு, நிறக்கேடு என்று ஒவ்வொரு குற்றத்துக்கும் அதில் வெட்டு. ஆளுக்கொரு துண்டுக் கடுதாசியில் எழுதி மடித்து வைத்து, ஒரே நேரத்தில் விரிப்பார்கள். தலைவிரிச்சவளுக்கு அமெரிக்காக்காரர் முப்பது போட்டிருந்தார். என் கணவர் இருபத்தைந்து. கழுத்துக்குக் கீழே ஒரு கீறல் இருக்கிறதாம். அமெரிக்காக்காரர் தன் பிள்ளையின் சோதனைப் பேப்பருக்குப் புள்ளி கேட்கிற தகப்பனைப் போல மன்றாடினார். உப்பில் ஒரு துணிக்கை மண்ணைக் கண்டாலும் மூட்டையைத் திருப்பி அனுப்பின மனுசன் இரங்குவாரா? கொடுத்தவருக்கு முன்னாலேயே உட்கார்ந்து கொடுத்த பொருளைக் குறை சொன்னது எனக்கு வெட்கமாக இருந்தது. அமெரிக்காக்காரருக்கோ அது பெரிய மரியாதையாகப் பட்டது.

அந்த நோய் வீட்டுக்குள்ளும் பரவியது. நோன்புக் கஞ்சிக்கு நாற்பது, கொஞ்சம் அடிப்பிடித்ததற்கு ஐந்து வெட்டு. பெருநாளுக்கு நான் தைத்த சட்டைக்கு முப்பத்தைந்து. எனக்கு எத்தனை என்று கேட்டேன்.

"அதச் சொன்னா எனக்கு இந்த வீட்டுல சோறு கிடைக்குமா?" என்றார்.

அவருக்கு நெடுநாளாகச் சீனி வருத்தம். கண்டிப்பெல்லாம் காசுக்குத்தான், வாய்க்கு இல்லை. எனக்குத் தெரியாமல் கடையில் சீனித் தேத்தண்ணி குடித்துவிட்டு, ஒன்றும் அறியாதவர் மாதிரி வந்து கதிரையில் உட்காருவார். முதலில் இடது கண் போனது. பிறகு வலது கண்ணில் புகை படர்ந்த மாதிரி என்றார். ஒரு நாள் பூதக்கண்ணாடியோடு வெகுநேரம் குனிந்திருந்தவர் தலையைத் தூக்காமலே கேட்டார்: "இவட முடி தெரியுதா புள்ள?"

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். "ஓம், என்ன விட அடர்த்தியா இரிக்கி" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. பூதக்கண்ணாடியை மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கினேன்.

அன்றிலிருந்து நான் அவருக்குக் காசு வாசிக்கத் தொடங்கினேன். அதற்குச் சட்டதிட்டங்கள் ஏராளம். மடியில் துவாயை மடித்து விரித்துக்கொள்ள வேண்டும், கை தவறினால் காசு அதில் விழ. விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடிக்க வேண்டும். முகத்தில் விரல் பட்டால் அவருடைய சட்டத்தில் அது ஹராம். யன்னல் வெளிச்சத்தில் சரித்துச் சரித்துப் பார்க்க வேண்டும். காசுக்கு மேல் கதைக்கவே கூடாது, எச்சில் துளி விழுந்தால் செம்பில் புள்ளி விழுமாம். என் வாயை மூட வைக்கக் கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவருக்குக் கிடைக்காத வழி அப்போது கிடைத்தது. பார்ப்பேன், முகத்தைத் திருப்பிச் சொல்லுவேன், மறுபடியும் பார்ப்பேன்.

ஆரம்பத்தில் "நல்லா இரிக்கி" என்று சொல்லிவிட்டு எழும்பப் பார்த்தேன்.

"நல்லா எண்டா? நீ மீன் வாங்கப் போனா, நல்லா இரிக்கி எண்டு சொன்னவுடன வாங்கிட்டு வாறியா? செவுளப் பாக்க மாட்டியா?"

அதன் பிறகு செவுளைப் பார்க்கிற மாதிரியே பார்த்தேன். நெற்றிக்கு மேலே முடி மூன்று கற்றையாகப் பிரிகிறது. முதல் கற்றை மழுங்கியிருக்கிறது, இரண்டாவதில் மூன்று இழை எண்ணலாம். கழுத்தடியில் கடைசிச் சுருள் தூண்டில் முள்ளைப் போல மேலே வளைகிறது. இமை தெரிகிறது. தொப்பியின் ஓரத்தில் ஒரு சின்ன நெளிவு. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நான் வாசித்து முடித்ததும் காசை வாங்கி, விளிம்பு எழுத்துக்களை நகத்தால் ஒருமுறை சுற்றி வருவார். பிறகு எண்ணைச் சொல்லுவார்.

எனக்கு அந்த நேரம் பிடித்திருந்தது, அதை மறைக்க வேண்டிய தேவையில்லை. அதற்கு முன் அவர் என்னிடம் இவ்வளவு கேட்டதுமில்லை, நான் சொன்னதற்கு இவ்வளவு காது கொடுத்ததுமில்லை. அந்த அமெரிக்காக்காரி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு எங்களைச் சேர்த்து வைத்தாள்.

வலது கண்ணுக்கு ஒப்பரேசன் செய்தால் கொஞ்சமாவது மிஞ்சும் என்றார்கள். கொழும்பில் மகள் வீட்டில் தங்கிச் செய்வதென்று முடிவானது. மாரி மழை தொடங்கியிருந்தது. வீடு பூட்டிக் கிடக்கப் போகிறது. செம்புக்கு ஈரம் எதிரி என்று அமெரிக்காக்காரர் எப்போதோ சொல்லியிருந்தார். அவர் வீட்டில் ஈரத்தை உறிஞ்சுகிற சின்னச் சின்னப் பக்கட்டுகள் வைப்பாராம்.

"அதுக்கென்ன, நம்மட்ட உப்பு இரிக்கே" என்றார் என் கணவர்.

எங்கள் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கல்லுப்பைச் சட்டியில் போட்டு ஈரம் போக வறுத்து, துணியில் முடிந்து, கல்யாணப் புடவை இருக்கிற அலுமாரிக்குள், காணி உறுதி இருக்கிற பெட்டிக்குள் வைப்போம். ஈரத்தை உப்பு இழுத்துக்கொள்ளும். உப்பள ஸ்டோரில் அவர் கணக்குப் புத்தகங்களையெல்லாம் அப்படித்தான் பூஞ்சணம் பிடிக்காமல் காப்பாற்றினார். இரும்பை உப்புத் தின்னும் என்பது எங்களுக்குத் தெரியாததில்லை. கூரைத் தகரம், யன்னல் கம்பி, சைக்கிள் எல்லாம் எங்கள் கண் முன்னால் உதிர்ந்தவைதான். ஆனால் செம்பையும் பித்தளையையும் நாங்கள் உப்பும் புளியும் போட்டல்லவா தேய்த்துப் பளபளப்பாக்குகிறோம்? செம்புக்கு உப்பு நல்லதென்றுதான் இரண்டு பேரும் நம்பினோம்.

நான்தான் வறுத்தேன். அவருடைய பழைய சாரத்தைக் கிழித்து முடிச்சுக்கள் கட்டி காசு வைக்கிற அலுமாரி லாச்சியின் நான்கு மூலையிலும் வைத்தேன். அவர் ஒவ்வொரு முடிச்சையும் கையால் தடவிப் பார்த்து, பிஸ்மி சொல்லி லாச்சியை மூடினார்.

கொழும்பில் கண்ணுக்குள் இரத்தம் கசிந்துவிட்டது. செய்யக்கூடியதையெல்லாம் செய்தாயிற்று என்றார் டொக்டர். இனி வெளிச்சம் மட்டும்தான். யன்னல் எங்கே இருக்கிறதென்று தெரியும், யன்னலில் நிற்பது யாரென்று தெரியாது. திரும்பி வருகையில் பாலாவிச் சந்தியில் பஸ் கற்பிட்டிப் பக்கம் திரும்பியது. உப்பு வயல் தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்றேன். தண்ணீர் நிற்கிறதா என்றார். ஓம் என்றேன்.

வீட்டுக்கு வந்து முகம்கூடக் கழுவாமல் கதிரையில் உட்கார்ந்து, "கொண்டா புள்ள" என்று கையை விரித்தார். லாச்சி ஊறிப் பருத்துத் திறக்கவே மாட்டேன் என்றது. இழுத்துத் திறந்தபோது உப்பு முடிச்சுக்கள் தோய்ந்து போயிருந்தன. அடிப்பலகையில் தண்ணீர் ஓடின கறை. ஈரத்தை இழுத்த உப்பு தானே கரைந்து ஓடியிருக்கிறது. தலைவிரிச்சவளை எடுத்து யன்னலுக்குப் பிடித்தேன். கழுத்தடியில் கடுகளவு பச்சைக் களிம்பு.

சொன்னேன். "கட்டியா, தூளா?" என்று கேட்டார். கட்டிப் பச்சை என்றால் பழையது, அது தன்பாட்டில் கிடக்கும். தூள் பச்சை என்றால் உயிரோடு இருக்கிறது, தின்னும். இதை அவர் எனக்கு முன்பே சொல்லித் தந்திருந்தார். ஈர்க்கு நுனியால் தொட்டேன், பொருபொருவென்று உதிர்ந்தது.

"தூள்" என்றேன்.

விரித்த கையை மெதுவாக மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் அமெரிக்காக்காரரோடு போனில் பேசினார். ஒன்றையும் ஒளிக்கவில்லை. உப்பு என்ற சொல் வந்ததும், செம்புக்கு ஈரத்தைவிடப் பெரிய எதிரி உப்புத்தான் என்றார் அவர். பிறகு அந்த மனுசன் ஒரு குற்றமும் சொல்லாமல் வழி சொன்னார். சுத்தமான தண்ணீரில் ஊற வை, தண்ணீரை மாற்று, காயவை, மறுபடியும் ஊற வை. கராஜில் பெற்றறிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணி வாங்கி வந்து கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற வைத்தோம். மேசை விளக்கின் சூட்டில் காய வைத்தோம். மெல்லிய தூரிகையால் தடவினேன். கொஞ்ச நாள் பேசாமல் இருக்கும். நிம்மதியாக மூச்சு விடுவோம். பிறகு வேறோரிடத்தில் பூக்கும். கழுவினால் அடியில் குழி இருக்கும்.

யன்னலைப் பூட்டி வைத்தேன். துணியில் சுற்றினேன். டப்பாவில் போட்டு மெழுகுதிரியை உருக்கி வாயை அடைத்தேன். களப்புக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு கீலம் நிலத்தில் குடியிருந்துகொண்டு உப்பில்லாத காற்றுக்கு நான் எங்கே போவது? எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. செய்யக்கூடியதையெல்லாம் செய்தாயிற்று என்று கொழும்பில் டொக்டர் சொன்ன அதே வசனத்தை இப்போது நான் இந்தக் கிண்ணத்துக்கு முன்னால் நின்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

காற்றுக் காலம் வந்தது, அமெரிக்காக்காரரும் வந்தார். வந்த அன்றே அவளை வாங்கிப் பார்த்தார். ஆண் பிள்ளை, கண் கலங்கினதை எனக்குக் காட்டாமல் மூக்கை உறிஞ்சினார். பிறகு சொன்னார், அவர் வீட்டில் ஈரமே புகாத கண்ணாடி அலுமாரி இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. கொண்டுபோனால் இத்தோடு நின்றுவிடும், மிச்சமிருப்பது மிச்சமிருக்கும். காசு உங்களுடையதுதான், நான் பார்த்துக்கொள்கிற ஆள் மட்டும்தான் என்றார். என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. சுற்றிக் கொடுக்கப் பஞ்சுகூட எடுத்து வைத்துவிட்டேன்.

"இல்ல, இஞ்சேயே இரிக்கட்டும்" என்றார் என் கணவர்.

அமெரிக்காக்காரர் இரண்டு நாள் கேட்டுப் பார்த்தார். பிறகு கேட்கவில்லை. அவர் பயணம் சொல்லி முச்சக்கரவண்டி ஏறிப் போனதும் நான் பிடித்துக்கொண்டேன்.

"ஒங்களுக்கென்ன பைத்தியமா? அங்க போனா அது தப்பும். இஞ்ச இரிந்தா கரைஞ்சி போகும். அத நான்தானே தினம் தினம் கண்ணால பாக்கணும்?"

"தப்பும்தான்" என்றார். "தப்பி எனக்கென்ன புள்ள? அங்க போனா எனக்கு ஆரு வாசிக்கிற?"

"மத்தக் காசுகள் இரிக்கே. அதுகள வாசிக்கிறன்."

"அதுகள்ல முகமே இல்ல, எல்லாம் தேஞ்சது. இவட முகத்த நான் கண்ணால பாத்திரிக்கன். நீ ஒரு சொல்லுச் சொன்னாப் போதும், மத்ததெல்லாம் தன்னால வருது. வேற ஒண்டும் எனக்கு இப்பத் தெரியுறல்ல. உன்ட முகத்தக்கூட நான் மெல்ல மெல்ல மறக்கிறன் போல இரிக்கி."

குசினிக்குள் போய், வேலை ஒன்றும் இல்லாத இடத்தில் வேலை செய்கிற மாதிரி நின்றேன்.

அதன் பிறகு நான் பொய் சொல்லத் தொடங்கினேன். அவர் மனதுக்குள் பார்ப்பதற்குத்தானே அவளை வைத்திருக்கிறார், அங்கேயாவது முழுசாக இருக்கட்டும் என்று நினைத்தேன். எனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாயிற்றே. மூன்று கற்றை, இழை எண்ணலாம், கடைசிச் சுருள் வளைந்திருக்கிறது, பச்சை இன்றைக்கு இல்லை. வெளிச்சத்தில் சரித்துச் சரித்துப் பார்க்கிற மாதிரி நேரமும் எடுத்துக்கொள்வேன். அவர் கேட்டுக்கொண்டிருப்பார். "இருபது" என்பார். அடுத்த நாளும் இருபது. வீட்டில் கொஞ்சம் சந்தோசம் இருந்த மாதிரித்தான் எனக்குப் பட்டது.

ஒரு நாள் அஸருக்குப் பிறகு நான் வாசித்து முடித்ததும் கையை நீட்டினார். வழக்கம்போல விளிம்பைத் தடவத்தான் கேட்கிறார் என்று கொடுத்தேன். அவர் விளிம்பைத் தொடவில்லை. காசை உள்ளங்கையில் படுக்க வைத்து, பெருவிரலை அவள் முகத்தில் வைத்தார். நான் திடுக்கிட்டுப் போனேன். நெற்றியிலிருந்து தொடங்கி, முடி வழியாக, கழுத்தடிவரைக்கும் விரல் இறங்கியது. சொரசொரவென்று தேய்கிற சத்தம் எனக்குக் கேட்டது. விரலை எடுத்தபோது நுனியில் பச்சைத் தூள் ஒட்டியிருந்தது.

"சுருள் இரிக்கா?" என்று கேட்டார்.

"இரிக்கி" என்றேன்.

"புள்ள" என்றார். குரலில் கோபமே இல்லை. "நீயும் பொய் சொன்னா, எனக்கு வேற கண்ணு ஏது?"

காசை வாங்கினேன். துவாயை மடியில் சரிசெய்தேன். யன்னலுக்குப் பிடித்து, நேரமெடுத்துப் பார்த்து, முகத்தைத் திருப்பிச் சொன்னேன்.

"சுருள் இல்ல. ரெண்டாவது கத்தையில பாதி போச்சி. கன்னத்துல புதுசா ஒரு குழி விழுந்திரிக்கி."

"எவ்வளவு பெரிசு?"

"கடுகு அளவு."

காசை வாங்கி, விளிம்பு எழுத்துக்களை நகத்தால் ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு "எட்டு" என்றார்.

எனக்கும் எட்டு என்றுதான் பட்டது.